மெசின் இரிக்கி, துண்டு இல்ல: சீனி அளந்த கதை

பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் சீனி வருத்தக்காரர் யாராவது இருந்தால் ஆறுதலாக இருந்து வாசியுங்கள். அப்படி ஒருவர் இல்லாத வீடு எமது ஊரில் குறைவு என்பதால் எல்லோருக்கும்தான் எழுதுகிறோம்.

எமது பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் நாங்கள் ஒவ்வொரு வருடமும் பெனடிக்ற் சோதனை செய்து காட்டுவோம். குளுக்கோஸ் கரைசலோடு நீல நிறப் பெனடிக்ற் கரைசலைச் சேர்த்துச் சூடாக்கினால் பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், கடைசியில் செங்கட்டிச் சிவப்பு என்று நிறம் மாறும். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த பாடம். இம்முறை சோதனைக்குழாய் சிவந்தவுடன் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டது:

"டீச்சர், எங்கட வாப்பாட சீனியயும் இப்பிடிப் பாக்கலாமா?"

வீட்டில் மீட்டர் இல்லையா என்று கேட்டோம்.

"மெசின் இரிக்கி டீச்சர். துண்டு இல்ல."

பிறகு விசாரித்தபோது விடயம் விளங்கியது. வாப்பா கடல் தொழில். இன்சுலின் போடுகிறார். இன்சுலின் கிளினிக்கில் இலவசமாகவே கிடைக்கிறது. மீட்டரைக் கட்டாரில் இருக்கும் சாச்சா அனுப்பியிருக்கிறார். அதோடு வந்த துண்டுகள் முடிந்த பிறகு அதே வகைத் துண்டை இங்கே எந்தப் பாமசியிலும் எடுக்க முடியவில்லை. மீட்டர் அலுமாரிக்குள் போய்விட்டது. ஊசி மட்டும் அளவு பார்க்காமலே தொடர்ந்திருக்கிறது. ஒரு நாள் சுபஹுக்கு எழுப்பப் போனால் வாப்பா வியர்த்து நனைந்து, பேச்சுக் குழறிக் கிடக்கிறார். சீனி இறங்கிவிட்டது. நல்லவேளை, உம்மா சீனித் தண்ணீர் பருக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதால் தப்பினார். அல்ஹம்துலில்லாஹ்.

அந்தப் பிள்ளைக்கு அன்று சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இந்தச் சீனி அளக்கும் வேலையின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். படிக்கப் படிக்க ஒரே கதைதான் திரும்பத் திரும்ப வந்தது. கருவி முதலில் வந்துவிடுகிறது. அது நோயாளியின் கைக்கு வருவதற்கும், அதன் செலவை யாராவது ஏற்பதற்கும் பல வருடங்கள் போகின்றன. அந்த இடைவெளியைச் சுருக்கியவர்கள் பெரும்பாலும் நோயாளிகளும் அவர்களது குடும்பங்களும்தான்.

முதலில் பழைய காலம். சிறுநீர் இனிக்கிறது என்பதை இந்தியாவின் பண்டைய வைத்தியர்கள் அறிந்திருந்தார்கள். தேன் போன்ற சிறுநீர் என்ற பொருளில் "மதுமேகம்" என்று பெயரிட்டார்கள். ஆயிரம் வருடங்களுக்கு முன் இப்னு சீனா தனது அல்கானூனில் இந்த இனிப்பைப் பற்றி எழுதினார். 1674 இல் இங்கிலாந்தின் தோமஸ் வில்லிஸ் சுவைத்துப் பார்த்து எழுதினார். 1776 இல் மத்தியூ டொப்சன் சிறுநீரை வற்ற வைத்து, மிஞ்சியது சீனிதான் என்று காட்டினார். இரத்தத்தின் நீர்ப்பகுதியும் இனிக்கிறது என்று கண்டவரும் அவர்தான்.

எமது ஆய்வுகூடத்தில் இருக்கும் அந்த நீலக் கரைசல் 1908 இல் ஸ்ரான்லி பெனடிக்ற் என்ற அமெரிக்க இரசாயனவியலாளர் உருவாக்கியது. அதன் பிறகு பல பத்தாண்டுகள் சீனி வருத்தக்காரர்கள் சிறுநீரை இந்தக் கரைசலில் கொதிக்க வைத்துத்தான் நிலைமையை அறிந்தார்கள். 1941 இல் தானாகவே சூடாகும் வில்லை வந்தது. 1956 இல் சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் துண்டு வந்தது. அதை உருவாக்கியவர்கள் ஹெலன் பிறீ, அல்பிரட் பிறீ என்ற கணவன் மனைவி.

எனவே அந்தப் பிள்ளையின் கேள்விக்குப் பதில்: பார்க்கலாம், ஆனால் வாப்பாவைக் காப்பாற்ற அது போதாது. இரத்தத்தில் சீனி ஏறக்குறைய 180 ஐத் தாண்டினால்தான் சிறுநீரில் இறங்கும். சலப்பையில் இருக்கும் சிறுநீர் சில மணித்தியாலங்களுக்கு முந்திய நிலைமையையே சொல்லும். எல்லாவற்றையும் விட முக்கியம், சீனி குறைந்து போனால் சிறுநீர் எதையுமே காட்டாது. 150 இருந்தாலும் நீலம்தான், 40 இருந்தாலும் நீலம்தான். இன்சுலின் போடுபவருக்கு உடனே ஆபத்தாவது அந்த 40 தான்.

இன்சுலின் 1921 இல் கனடாவின் ரொறொன்ரோவில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் காப்புரிமையைக் கண்டுபிடித்தவர்கள் பல்கலைக்கழகத்துக்குத் தலா ஒரு டொலருக்குக் கொடுத்தார்கள். இது பலருக்கும் தெரிந்த கதை. ஆனால் எவ்வளவு இன்சுலின் போடுவது என்று தீர்மானிக்க வீட்டில் இருந்தே இரத்தத்தை அளக்க வேண்டுமே, அதற்கு அரை நூற்றாண்டு போனது. அதை யாரும் ஒரு டொலருக்குக் கொடுக்கவில்லை.

1964 இல் அமெரிக்காவின் ஏம்ஸ் கம்பனி டெக்ஸ்ரோஸ்ரிக்ஸ் என்ற துண்டைக் கொண்டு வந்தது. ஒரு பெரிய துளி இரத்தம் வைத்து, ஒரு நிமிடம் கழித்துத் தண்ணீரில் கழுவி, நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். கண்ணுக்குக் கண் நிறம் வேறுபட்டதால் அந்த நிறத்தை வாசிக்க அதே கம்பனி ஒரு மீட்டரைச் செய்தது. உலகின் முதலாவது குளுக்கோமீட்டர் அதுதான். ஒரு கிலோவுக்கு மேல் நிறை. சுவரில் இருந்து மின்சாரம் ஏற்ற வேண்டும். மிக முக்கியமாக, நோயாளிகளுக்கு விற்க மாட்டார்கள். டொக்டருக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும்.

இங்கேதான் ரிச்சர்ட் பேர்ன்ஸ்டீன் வருகிறார். நியூயோர்க் பக்கம் வாழ்ந்த பொறியியலாளர். 12 வயதில், 1946 இல், முதலாம் வகை நீரிழிவு. முப்பதுகளின் நடுவிலேயே சிறுநீரகம், கண், கால் என்று உடம்பு பழுதாகத் தொடங்கிவிட்டது. 1969 இல் ஒரு சஞ்சிகையில் அந்த மீட்டரின் விளம்பரத்தைக் கண்டார். இரவில் ஆஸ்பத்திரிக்கு வருபவர் மயக்கத்தில் கிடப்பது குடிபோதையாலா, நீரிழிவாலா என்று அறிய இது உதவும் என்பதே விளம்பரம். வாங்கப் போனால் "நீங்கள் டொக்டர் இல்லை" என்றார்கள். அவரது மனைவி டொக்டர். மனைவியின் பெயரில் ஓடர் போட்டு வாங்கினார். விலை 650 டொலர் என்று அவரே எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் அது பெரிய காசு.

ஒரு நாளில் ஐந்து தடவை போல விரலைக் குத்தி அளந்து, எழுதி வைத்து, சாப்பாட்டையும் ஊசியையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். உடம்பு தேறியது. கண்டதை எழுதி மருத்துவச் சஞ்சிகைகளுக்கு அனுப்பினார். ஏற்கவில்லை. டொக்டர் அல்லாதவர் பேச்சைக் கேட்க யாரும் இல்லை என்று விளங்கியதும், தனது 45 வயதில் மருத்துவக் கல்லூரிக்குப் போய் டொக்டராகவே ஆகிவிட்டார். கடந்த 2025 இல், 90 வயதில் காலமானார்.

1978 இல் பிரித்தானியாவில் இரண்டு டொக்டர் குழுக்கள் தனித்தனியாக இதைப் பரீட்சித்தன. சாதாரண நோயாளிகள் வீட்டிலேயே இரத்தத்தை அளக்க முடியும், அளந்தால் கட்டுப்பாடு நன்றாகிறது என்று இரண்டு குழுக்களும் லான்செட் சஞ்சிகையில் எழுதின. 1987 இல் பேனா அளவிலான மீட்டர் வந்தது. கழுவ வேண்டாம், துடைக்க வேண்டாம். இன்று நாம் பாமசியில் வாங்கும் மீட்டர்கள் அந்த வழியில் வந்தவைதான்.

ஆனால் காசு? "இத்தனை தடவை குத்தி அளப்பதால் என்ன பிரயோசனம்" என்று காப்புறுதிக் கம்பனிகளும் அரசாங்கங்களும் கேட்டுக்கொண்டே இருந்தன. அதற்கு எண்களால் பதில் சொன்னது 1983 முதல் 1993 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த பெரிய ஆய்வு. முதலாம் வகை நீரிழிவுள்ள 1,441 பேர். ஒரு பாதிப் பேர் ஒரு நாளில் குறைந்தது நான்கு தடவை அளந்து இன்சுலினைச் சரிசெய்தார்கள். மறுபாதிக்கு அக்காலத்து வழமையான சிகிச்சை. முடிவில், அளந்து சரிசெய்த பக்கத்தில் கண் பாதிப்பு ஏற்படும் ஆபத்து 76 வீதமும், சிறுநீரகப் பாதிப்பு 50 வீதமும், நரம்புப் பாதிப்பு 60 வீதமும் குறைந்திருந்தது. இதற்குப் பிறகு அளப்பது வீண் செலவு என்று சொல்ல யாராலும் முடியவில்லை.

அமெரிக்காவில் 65 வயதைக் கடந்தவர்களுக்கான அரச காப்புறுதி மெடிகெயார். அது துண்டுகளுக்கான செலவை இன்சுலின் போடுபவர்களுக்கு மட்டுமே கொடுத்து வந்தது. 1997 இல் சட்டம் திருத்தப்பட்டு, 1998 ஜூலை முதல் குளிசை மட்டும் குடிப்பவர்களுக்கும் கிடைத்தது. முதல் மீட்டர் வந்து கிட்டத்தட்ட முப்பது வருடங்களின் பின்.

அடுத்த கருவியிலும் இதே கதை. தோலின் கீழ் சிறு சென்சரை வைத்து நாள் முழுவதும் சீனியைக் கணக்கிடும் தொடர் கண்காணிப்புக் கருவிக்கு அமெரிக்காவில் 1999 இல் அனுமதி கிடைத்தது. நோயாளி தானே உடனுக்குடன் எண்ணைப் பார்க்கும் கருவிகள் 2006 அளவில் பரவின. மெடிகெயார் இதை வெறும் "முன்னெச்சரிக்கைப் பொருள்" என்று கூறி மறுத்தது. மறுக்கப்பட்ட வயோதிபர்கள் ஒவ்வொருவராக மேன்முறையீடு செய்தார்கள். பலர் வென்றார்கள். கடைசியில் 2017 ஜனவரியில் விதி மாறியது.

மாறியும் ஒரு வேடிக்கை. சென்சர் வேண்டுமானால் ஒரு நாளில் நான்கு தடவை விரல் குத்தி அளப்பவராக இருக்க வேண்டும் என்றது விதி. ஆனால் அதே மெடிகெயார் இன்சுலின் போடுபவருக்குக் கொடுத்த துண்டுகள் ஒரு நாளுக்கு ஏறக்குறைய மூன்று. நான்காவது துண்டைச் சொந்தக் காசில் வாங்கக் கூடியவருக்கே வழி திறந்தது! இந்த நிபந்தனை 2021 ஜூலையில்தான் நீக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் இன்சுலின் போடும் எல்லோருக்கும் சென்சர் என்றானது.

பிரித்தானியாவில் கையில் ஒட்டி 14 நாட்கள் வைத்திருக்கும் லிப்ரே சென்சர் 2014 இல் விற்பனைக்கு வந்தது. ஒன்று ஏறக்குறைய 50 பவுண். மாதம் இரண்டு வேண்டும். வசதியுள்ளவர் வாங்கினார், மற்றவர் பார்த்துக்கொண்டிருந்தார். 2017 நவம்பரில் அரச சுகாதார சேவையின் பட்டியலில் சேர்ந்தது. சேர்ந்தும் ஒரு பிரதேசத்தில் கிடைத்தது, பக்கத்துப் பிரதேசத்தில் கிடைக்கவில்லை. நோயாளிகளும் சங்கங்களும் விடாமல் கேட்டார்கள். 2022 மார்ச்சில் முதலாம் வகை நீரிழிவுள்ள எல்லோருக்கும் தொடர் கண்காணிப்பைக் கொடுக்கலாம் என்று வழிகாட்டல் வந்தது.

இனி எமது நாட்டுக்கு வருவோம்.

இலவச சுகாதார சேவை எமக்குக் கிடைத்த பெரிய நிஃமத். கிளினிக் இலவசம், குளிசை இலவசம், இன்சுலின் இலவசம். பல நாடுகளில் இது கனவு. 1971 இல் பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. மருந்தைப் பெயருக்காக அல்லாமல் தேவைக்காக, மொத்தமாக, மலிவாக இறக்குமதி செய்யலாம் என்று உலகத்துக்கே காட்டியது அது. ஆனால் வீட்டில் அளக்கும் துண்டு அந்த வட்டத்துக்கு வெளியே நின்றுவிட்டது. பெரும்பாலான குடும்பங்கள் அதைக் கைக்காசில்தான் வாங்குகின்றன. இன்சுலின் போடுபவர் ஒரு நாளில் நான்கு தடவை அளந்தால் மாதம் 120 துண்டு. ஐம்பது துண்டுப் போத்தல் இரண்டு முடிந்து மூன்றாவதும் உடைக்க வேண்டும். நாட்கூலிக்குப் போகும் வீட்டில் இது நடக்கிற காரியமா? 2022 இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360 ஐத் தாண்டியபோது, இறக்குமதியாகும் துண்டின் விலை என்ன ஆனது என்று நாம் எல்லோரும் பாமசியில் கண்டோம்.

அதே 2022 மே மாதத்தில் ஜெனீவாவில் உலக சுகாதார மாநாடு ஓர் இலக்கை ஏற்றது. 2030 ஆகும்போது முதலாம் வகை நீரிழிவுள்ள 100 வீதமானவர்களுக்கும் கட்டுப்படியான விலையில் இன்சுலினும், தாமே அளந்து பார்க்கும் வசதியும் கிடைக்க வேண்டும் என்பது அது. அளப்பதும் மருந்தின் ஒரு பகுதிதான் என்பதை உலகம் ஏற்றுக்கொண்ட வார்த்தை அது. நாம் அரிசிக்கும் எண்ணெய்க்கும் வரிசையில் நின்ற மாதத்தில் அந்த வார்த்தை எமது காதில் விழவில்லை.

இன்னொரு விடயம் எமது ஊருக்கு முக்கியமானது. இந்நாட்டில் எத்தனை பேருக்கு நீரிழிவு என்று 2005-2006 இல் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 10.3 வீதம் என்றும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் தமக்கு நோய் இருப்பதே தெரியாதவர்கள் என்றும் கண்டது. அந்த எண்தான் பல வருடங்கள் எல்லா இடமும் பேசப்பட்டது. ஆனால் அந்த ஆய்வு ஏழு மாகாணங்களில் மட்டுமே நடந்தது. யுத்தம் காரணமாக வடக்கும் கிழக்கும் அதில் இல்லை. அதாவது நாடு எண்ணிப் பார்த்தபோது எமது உம்மா வாப்பாமார் அந்தக் கணக்கில் இல்லை. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. மற்ற நாடுகளில் அளந்து, எண்ணி, எழுதிக் காட்டியவர்களுக்குத்தான் பங்கு கிடைத்தது என்று மேலே பார்த்தோம். நாமும் எண்ண வேண்டும் என்பதற்காகவே சொல்கிறோம்.

அதனால் நாம் செய்யக்கூடிய சில காரியங்கள்.

மீட்டர் வாங்கும்போது மீட்டரின் விலையைப் பார்க்காதீர்கள், துண்டின் விலையைப் பாருங்கள். கம்பனிகள் மீட்டரை மலிவாகக் கொடுத்துத் துண்டில்தான் உழைக்கின்றன. ஒரு கம்பனித் துண்டு மற்றக் கம்பனி மீட்டருக்குப் போகாது. வெளிநாட்டில் இருக்கும் காக்கா, சாச்சாமாரிடம் மீட்டர் கேட்கும் முன், அதன் துண்டு எமது பாமசியில் இருக்கிறதா என்று விசாரித்துச் சொல்லுங்கள்.

ஒரு துண்டும் வீணாகக் கூடாது. அளக்க முன் கையைச் சவர்க்காரத்தால் கழுவி நன்றாகத் துடையுங்கள். மாம்பழம் வெட்டிய விரலில் குத்தினால் பழத்தின் சீனியும் சேர்ந்து பொய்யான எண் வரும். துண்டுப் போத்தலை உடனே மூடுங்கள், எமது கரையோர ஈரக்காற்று அதைப் பழுதாக்கும். திகதி முடிந்த துண்டு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். குத்தும் ஊசியையும் அது பொருத்தும் பேனாவையும் ஒருவர் பாவித்ததை மற்றவர் பாவிக்கவே கூடாது, கணவன் மனைவியாக இருந்தாலும் சரி.

எத்தனை தடவை அளப்பது என்பதை டொக்டரிடம் கேளுங்கள். குளிசை மட்டும் குடிப்பவர் எல்லோருக்கும் தினமும் தேவைப்படாது. இன்சுலின் போடுபவருக்குத் தேவை அதிகம். கையில் உள்ள கொஞ்சத் துண்டை எந்த நேரத்துக்கு வைத்துக்கொள்வது என்று கேட்பதில் வெட்கம் இல்லை. அளந்ததைத் திகதியும் நேரமும் போட்டு ஒரு கொப்பியில் எழுதிக் கிளினிக்குக்குக் கொண்டு போங்கள். அந்தக் கொப்பியைப் பார்த்து டொக்டர் மருந்தை மாற்றும்போதுதான் துண்டுக்குக் கொடுத்த காசு உழைக்கிறது.

நோன்பு வருகிறது. விரல் குத்தி அளந்தால் நோன்பு முறியும் என்று பயந்து அளக்காமல் இருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சர்வதேச நீரிழிவு சம்மேளனத்தின் ரமழான் வழிகாட்டல் அது நோன்பை முறிக்காது என்று தெளிவாகச் சொல்கிறது. 70 க்குக் கீழே இறங்கினாலோ 300 ஐத் தாண்டினாலோ நோன்பை விட்டுவிட வேண்டும் என்றும் சொல்கிறது. அளக்காமல் இதை எப்படி அறிவது? நோன்புக்கு முன்பே டொக்டரைச் சந்தியுங்கள்.

அரசாங்க உத்தியோகத்தில் இருக்கும் எம்மைப் போன்றவர்களுக்கு ஒன்று. அக்ரஹார காப்புறுதிக்கு மாதாமாதம் சம்பளத்தில் கழிகிறது. அதில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று எம்மில் எத்தனை பேர் ஒருமுறையாவது வாசித்திருக்கிறோம்? வாசிப்போம். இல்லாததைச் சேர்க்கச் சொல்லி எழுத்தில் கேட்போம். கேட்காதவருக்கு எந்த நாட்டிலும் விதி மாறவில்லை.

அந்தப் பிள்ளையின் வீட்டு விடயம். ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து, இங்கே துண்டு எடுக்கக்கூடிய மீட்டர் ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். அது பெரிய காரியம் அல்ல, மீட்டர் ஒரு முறைச் செலவு. மாதாமாதம் துண்டு என்பதுதான் கேள்வி. இரண்டு மாதம் கொடுத்துவிட்டோம். மூன்றாவது மாதத்தை யோசித்துக்கொண்டிருக்கும்போதுதான் இந்தப் பதிவை எழுத நினைத்தோம். இப்படி எத்தனை வீடுகள் இருக்கின்றன என்று எமக்குத் தெரியாது. ஒவ்வொரு வீடும் தனித்தனியாகச் சமாளிக்கிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் இன்சுலின் போடுபவர் இருந்தால், எந்த மீட்டர் பாவிக்கிறீர்கள், மாதம் எத்தனை துண்டு வாங்க முடிகிறது, எத்தனை தேவை என்று எமக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். பெயர் தேவையில்லை. எண் போதும். ஊரின் கணக்கு ஒன்று கையில் இருந்தால், பாமசிக்காரரிடம் மொத்த விலை பேசலாம், பள்ளிவாசல் ஸகாத் நிதியில் கேட்கலாம், கிளினிக்கிலும் சுகாதார அதிகாரிகளிடமும் கடிதமாகக் கொடுக்கலாம்.

அந்த வாப்பா இப்போது காலையில் கடலுக்குப் போக முன் அளக்கிறார். பிள்ளைதான் கொப்பியில் எழுதுகிறது. சென்ற கிழமை வகுப்புக்குக் கொண்டு வந்து காட்டியது. இரண்டு பக்கம் நிரம்பியிருக்கிறது.